இறைவணக்கத்துக்கு ஓர் அக்கா

எங்கள் இசை விழாவில் எனக்குக் கொடுத்த வேலை முன்வரிசை சோபாக்களைக் காப்பது. 'இசைக்குத் தொண்டாற்ற விருப்பமுள்ளோர் பெயர் தரவும்' என்று நகர் நலச் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் செய்தி வந்தபோது, நான் என்னென்னவோ நினைத்துக்கொண்டு பெயர் கொடுத்திருந்தேன். தம்புராவைத் துடைத்து மேடையில் வைப்பேன், பாட வருகிறவர்களுக்கு வெந்நீர் ஆற்றிக் கொடுப்பேன், ஓரமாக நின்று ஒரு கல்யாணியோ காம்போதியோ காதாரக் கேட்பேன். இன்சூரன்ஸ் ஆபீசில் வாழ்நாளெல்லாம் பாலிசிகளைக் கட்டிக்கொண்டு அழுதவளுக்கு அதுவே பெரிய ஆசை. கடைசியில் கழுத்தில் நீல நாடாவில் 'தொண்டர்' என்று ஓர் அட்டையை மாட்டிவிட்டு, மைதானத்தில் போட்டிருந்த சிவப்பு சோபாக்களைக் காட்டி, பெரிய மனிதர்கள் வரும்வரை இதில் ஈ காக்கை உட்காரக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

கூடவே ஒரு சில்லறை வேலையும் இருந்தது. இறைவணக்கம் பாடும்போது கூட்டத்தை எழுந்து நிற்க வைக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் இறைவணக்கத்துக்கு எல்லோரும் எழுந்து நிற்பது வழக்கம். பாட்டு முடியும்வரை உட்காரக் கூடாது, நடமாடக் கூடாது, மேடையில் ஏறவோ இறங்கவோ கூடாது. ஆனால் அந்த நேரம் பார்த்துப் பாதிப்பேர் செல்போனுக்குள் இருப்பார்கள். தொண்டர்கள் முன்னால் நின்று இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டி அவர்களை எழுப்ப வேண்டும். இந்தச் சில்லறை வேலைதான் அன்றைக்கு எனக்குப் பெரிய வேலையாகிவிட்டது.

இறைவணக்கம் பாட இருந்தவள் என் அக்கா.

அக்கா பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் இறைவணக்கம் பாடாத நிகழ்ச்சி எங்கள் மாவட்டத்தில் அபூர்வம். ரத்ததான முகாம், பேட்டையில் பட்டறைக்காரர்களின் ஆண்டு விழா, திசையன்விளையில் நகைக்கடைத் திறப்பு, பல் ஆஸ்பத்திரித் திறப்பு, ஆழ்வார்குறிச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கழிப்பறைத் திறப்பு. கழிப்பறைக்கு எதற்கு இறைவணக்கம் என்று நான் கேட்டேன். "சவத்த விடுட்டி, கூப்பிட்டாவ, போனேன்" என்றாள். எல்லா இடத்திலும் அவளிடம் சொல்வது ஒன்றுதான்: பல்லவி மட்டும் போதும் டீச்சர், ஆள்கள் நிக்குதாவ. பல்லவி முடிவதற்குள் ஒருவர் மைக்கை வாங்கக் கை நீட்டிவிடுவார். பிறகு ஓர் எவர்சில்வர் டம்ளரைப் பளபளக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து அனுப்புவார்கள். எங்கள் சொந்தத்தில் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன பெண்கள் யாரும் கடையில் டம்ளர் வாங்கியதில்லை. அக்கா வீட்டு அலமாரியைத் திறந்து எடுத்துக்கொண்டு போனார்கள். இப்படியாக மாவட்டம் முழுவதும் அவள் குரல் தெரியும். அவள் சரணம் பாடினால் எப்படி இருக்கும் என்று மட்டும் ஒருவருக்கும் தெரியாது.

அந்த வருஷம் ஆவணியில் அவள் கழுத்தில் தைராய்டுக் கட்டி ஒன்று இருப்பது தெரிந்தது. கெட்ட கட்டி இல்லை, ஆனாலும் எடுத்துவிடுவது நல்லது என்றார் டாக்டர். பேச்சுக்கு ஒன்றும் ஆகாது, குரல் கொஞ்சம் மாறலாம், பலருக்குப் பழையபடி வந்துவிடும், சிலருக்கு மேலே எட்டாமல் போகலாம் என்று பொறுமையாகச் சொன்னார். அக்கா தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, பொங்கல் கழித்துத் தேதி வாங்கினாள். ஏன் பொங்கல் கழித்து என்று டாக்டர் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். மார்கழியில் இசை விழா. அதில் அவளுக்கு அரை மணி நேரக் கச்சேரி தருவதாக நலச் சங்கத் தலைவர் வாக்குக் கொடுத்திருந்தார். வாழ்க்கையில் முதன்முறையாக அவள் பல்லவியைத் தாண்டப் போகிறாள். தொண்டையில் கத்தி வைப்பதற்கு முன்னால் ஒரு தடவை முழுசாகப் பாடிவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய கணக்கு. அதை அவள் என்னிடம்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

தலைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓய்வு பெற்ற என்ஜினியர். பாலங்களும் மதகுகளும் கட்டியவர். முந்தின மார்கழியில் மகன் வீட்டுக்குச் சென்னை போனவரை மருமகள் கச்சேரிகளுக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள். முதல் கச்சேரியில் தூங்கினாராம். இரண்டாவதில் கேன்டீனில் இருந்தாராம். மூன்றாவதில் பாதியில் விழிப்பு வந்து, இந்தச் சத்தத்துக்கா இவ்வளவு கூட்டம், தாமிரபரணித் தண்ணீர் குடித்த நமக்கு இது வராதா என்று தோன்றியிருக்கிறது. ஊர் திரும்பியதும் முதல் வேலையாகச் சங்கத்தைக் கூட்டினார். எங்கள் ஊர் இசை விழாவின் வரலாறு இவ்வளவுதான்.

கூட்டங்கள் மாதக் கணக்கில் நடந்தன. பஜ்ஜி சாப்பிட்டதில் ஒரு குறையும் இல்லை. பாட வருகிறவர்களைப் பற்றிப் பேசியது கொஞ்ச நேரம். யார் குத்துவிளக்கு ஏற்றுவது, எந்தத் திரியை யார் ஏற்றுவது, யாருக்கு எந்த நிறத்தில் பொன்னாடை என்பதற்குத்தான் நேரம் போதவில்லை. வாழ்த்துரை கேட்டு வரிசையில் நின்றவர்களை எல்லாம் சேர்த்தால் ஒரு கிரிக்கெட் டீம் அமைத்து, மிச்ச ஆளில் அம்பயரும் வைக்கலாம். இறைவணக்கமும் பெரிய சிக்கலாயிற்று. கமிட்டியில் சைவ வீட்டுப் பெரியவர்கள் இருந்தார்கள், பாளையங்கோட்டை கிறிஸ்தவ சபைக்காரர்கள் இருந்தார்கள், மேலப்பாளையத்து முஸ்லிம் வியாபாரிகள் இருந்தார்கள். யார் மனமும் கோணாத பாட்டு வேண்டும். ஒவ்வொருவரும் அடுத்தவர் மனம் கோணக் கூடாதே என்று அவ்வளவு கவலைப்பட்டார்கள். அதிலேயே இரண்டு தடவை சண்டை வந்துவிட்டது.

அதற்கு வழி கண்டவளும் அக்காதான். பள்ளிக்கூடத்து விழா ஒன்றுக்காக அவளே கட்டி மெட்டமைத்து வைத்திருந்த பாட்டு ஒன்று இருந்தது. ஒரு பல்லவி, மூன்று சரணம். தண்ணீருக்கு ஒன்று, வெளிச்சத்துக்கு ஒன்று, ஓசைக்கு ஒன்று. சாமி பெயர் எதுவும் வராது. கமிட்டியில் பல்லவியைப் பாடிக் காட்டினாள். மூன்று தரப்பாரும் அது தங்கள் கடவுளைப் பற்றியது என்று எடுத்துக்கொண்டு ஒருமனதாகக் கை தூக்கினார்கள். மிச்சத்தைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. கேட்டிருந்தால் விழா வேறு மாதிரி நடந்திருக்கும்.

விழா நாள் வந்தது. ஆற்றங்கரையை ஒட்டிய மைதானத்தில் பந்தல், மேடை, அதன் பின்னால் தலைவர் படம் பெரிதாகவும் தம்புரா படம் சிறிதாகவும் போட்ட பேனர். மூன்று மணிக்கே நான் சோபாக்களைக் காக்கத் தொடங்கிவிட்டேன். ஒரு தாத்தா வந்து உட்காரப் பார்த்தார், எழுப்பினேன். ஒரு கைப்பிள்ளைக்காரி உட்காரப் பார்த்தாள், அவளையும் எழுப்பினேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வைக்கு அந்த அட்டையைக் கழற்றி ஆற்றில் எறியலாம் போலிருந்தது. இசைக்குத் தொண்டு என்றால் இதுதான் போலும் என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் சோபா முன்னால் நின்றேன்.

அக்கா அரக்கு நிறப் பட்டுப் புடவையில், ஃபிளாஸ்க்கில் வெந்நீரோடு மேடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் கச்சேரிக்கு வாசிக்க வந்த வயலின்காரரும் மிருதங்கக்காரரும் பக்கத்தில் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் தலைவர் அங்கே வந்தார். சிரித்துக்கொண்டே வந்தார். எங்கள் ஊரில் பெரிய மனிதர்கள் சிரித்துக்கொண்டே வந்தால் ஏதோ பறிபோகப் போகிறது என்று அர்த்தம்.

"டீச்சரம்மா, ஒரு சின்ன மாற்றம்" என்றார். "நேரம் பத்தாது போலிருக்கு. சென்னையிலேருந்து பாட வந்திருக்கவியளுக்கு ராத்திரி ரயிலு. வெளியாள்கிட்ட குறைக்கச் சொல்ல முடியுமா? நீங்க நம்ம வீட்டு ஆளுல்லா. இறைவணக்கம் மட்டும் பாடிருங்க. அடுத்த வருசம் கச்சேரிக்கு ஒரு மணி நேரமே தந்துருதேன்."

வாழ்த்துரை வழங்குகிற ஆள்களில் ஒருவரைக் குறைத்தாலும் அக்காவின் அரை மணி நேரம் கிடைத்துவிடும். ஆனால் அவர்கள் பொன்னாடைக்குச் சொல்லிவைத்தவர்கள். அக்கா நம்ம வீட்டு ஆள். இந்த 'நம்ம வீட்டு ஆள்' என்கிற பட்டம் எங்கள் பக்கம் ஒருவருக்குக் கிடைத்துவிட்டால், பந்தியில் அவருக்குக் கடைசி இலைதான். அடுத்த வருஷம் அவள் குரல் இருக்குமா என்று கேட்டுவிட வாயெடுத்தேன். அக்கா என் கையைக் கிள்ளினாள். "சரி அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னாள்.

அவர் போனதும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இறைவணக்கமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், எழுந்து வா, ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போவோம் என்றேன். இத்தனை வருஷம் டம்ளர் வாங்கினது போதாதா என்றும் கேட்டுவிட்டேன். அவள் வெந்நீரை ஊதி ஊதிக் குடித்தாள். கண் கலங்கியிருந்தது. ஃபிளாஸ்க்கை மூடி வைத்துவிட்டு, "நீ அங்கன போயி ஒன் சோபாவப் பாருட்டி" என்றாள்.

நான் வந்து சோபா முன்னால் நின்றுகொண்டேன். ஆறு மணிக்குத் தொடங்க வேண்டிய விழா தொடங்கவில்லை. சிறப்பு விருந்தினர் வரவில்லை. வடநாட்டில் பெரிய பதவிகளில் இருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர். அவர் கார் பாலத்தில் மாட்டிக்கொண்டதாகச் செய்தி வந்தது. கூட்டம் சலசலத்தது. கைப்பிள்ளைகள் அழ ஆரம்பித்தன. தலைவருக்கு வேர்த்தது. ஓட்டமும் நடையுமாக மேடைப் பக்கம் போனார். என்ன பேசுகிறார் என்று கேட்க நானும் பின்னாலேயே போனேன்.

"அய்யா கார் வந்துக்கிட்டே இருக்கு. நீங்க பாட்ட ஆரம்பிச்சிருங்க, டீச்சரம்மா. அவிய மேடை ஏறுத வரைக்கும் பாடிக்கிட்டே இருங்க. நடுவுல நிறுத்திராதீங்க, கூட்டம் கலைஞ்சிரும்."

"மேடை ஏறுத வரைக்குமா, அண்ணாச்சி?" என்று அக்கா கேட்டாள்.

"ஆமா. ஏறுத வரைக்கும்."

அக்கா வயலின்காரரையும் மிருதங்கக்காரரையும் பார்த்து, நீங்களும் வாங்க என்றாள். அவர்களும் கச்சேரி போன கடுப்பில் இருந்தவர்கள். உடனே எழுந்தார்கள்.

மேடையில் மூன்று பேரும் உட்கார்ந்தபோதே எனக்குச் சந்தேகம்தான். இறைவணக்கம் பாடுகிறவர்கள் நின்றுகொண்டுதான் பாடுவார்கள். அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சுருதிப் பெட்டியை வைத்து, கண்ணை மூடினாள். நான் கைகளை உயர்த்தினேன். கூட்டம் எழுந்து நின்றது. சோபாக்காரர்களும் வந்து சேர்ந்திருந்தார்கள். உட்கார்ந்த சூட்டோடு அவர்களும் எழுந்தார்கள்.

பல்லவியை அவள் ஆற அமரப் பாடினாள். முடிந்தது என்று நினைத்து எல்லோரும் பாதி குனிந்துவிட்டார்கள். எங்கள் ஊர்க் கூட்டத்துக்குப் பல்லவிதானே பழக்கம். அவள் முதல் சரணத்தை எடுத்தாள். குனிந்தவர்கள் மறுபடி நிமிர்ந்தார்கள். தண்ணீரைப் பற்றிய சரணம். அதை முதலில் தாளமில்லாமல் விருத்தமாக விரித்து, மோகனத்தில் கொஞ்சம் சுற்றிவிட்டு, வயலினுக்கும் இடம் கொடுத்து, பிறகுதான் தாளத்துக்கு வந்தாள். அது முடிந்ததும் மறுபடியும் ஒரு குனிதல். வெளிச்சத்துக்கான சரணம் ஆரம்பித்தது. மறுபடியும் நிமிர்ந்தார்கள். வாழ்த்துரை வழங்க வந்த ஒரு கனத்த மனிதர் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினார். தொண்டர் என்ற முறையில் என் கடமையைச் செய்தேன். இன்னும் முடியல அண்ணாச்சி என்று பைய அவர் காதருகே சொல்லிவிட்டு மறுபடியும் கைகளை உயர்த்திக் காட்டினேன். மூட்டுவலிக்காரர்களையும் நான் முன்பு எழுப்பிவிட்ட தாத்தாவையும் கைப்பிள்ளைக்காரியையும் நானே உட்காரச் சொன்னேன். சோபாக்காரர்களுக்கு அந்தச் சலுகையைத் தரவில்லை.

இந்த நேரத்தில்தான் சிறப்பு விருந்தினரின் கார் வந்தது. தலைவர் மாலையோடு ஓடினார். விருந்தினர் விறுவிறுவென்று மேடைப் படி வரைக்கும் வந்தார். இறைவணக்கம் நடப்பது காதில் விழுந்ததும், அங்கேயே காலைச் சேர்த்துக் கை கூப்பி நின்றுவிட்டார். வாழ்நாள் முழுக்க இப்படி நின்று பழகியவர். தலைவர் மேடையைக் காட்டி ஏறச் சொல்லிக் கெஞ்சினார். பிரார்த்தனையின்போது ஏறக் கூடாது என்று அவர் தலையை அசைத்து மறுத்துவிட்டார். அவர் ஏறுகிறவரை நிறுத்தக் கூடாது என்பது அக்காவுக்கு உத்தரவு. அவள் நிறுத்துகிறவரை ஏறக் கூடாது என்பது அவருடைய ஒழுக்கம். பாலங்கள் கட்டிய என்ஜினியருக்கு இந்த இரண்டு கரைக்கும் நடுவே ஒரு பலகை போட வழி தெரியவில்லை.

அக்காவுக்குச் சைகை காட்டினார். அவள் கண்ணைத் திறந்தால்தானே? அடுத்து மைக்செட்காரரிடம் போய்ச் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். "சாமி பாட்டுல மைக்க அணைச்சா என் செட்டு வெளங்குமா, அண்ணாச்சி?" என்றார். எந்தச் சாமி என்று தலைவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் யாராலும் சொல்லியிருக்க முடியாது. பெயர் தெரிந்த சாமியாக இருந்தால் மற்ற இரண்டு தரப்பாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

எனக்கு அதுவரைக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. ஓசையைப் பற்றிய மூன்றாவது சரணத்தில் எல்லாம் மாறிவிட்டது. சிந்துபைரவிக்கு வந்தாள். மிருதங்கம் தணிந்துவிட்டது. செல்போன் வெளிச்சங்கள் ஒவ்வொன்றாக அணைந்ததை நான் பார்த்தேன். பஜ்ஜிக் கடைப் பக்கம் நின்றவர்கள் பொட்டலத்தோடு பந்தலுக்குள் வந்து நின்றார்கள். கனத்த மனிதர்கூடக் கெஞ்சுவதை விட்டுவிட்டார். அவள் மேல் ஸட்ஜத்துக்கு ஏறி அங்கேயே நின்றாள். கட்டி இருக்கிற அந்தக் கழுத்தில் நரம்பு புடைத்தது. இன்னும் ஒரு மாதத்தில் இந்தக் குரல் இல்லாமல் போகலாம் என்று அங்கே எனக்கு மட்டும் தெரியும். அழுதுவிட்டேன். இத்தனை வருஷம் இந்தக் குரலைப் பல்லவியோடு அனுப்பி வைத்தார்களே என்று கோபமும் வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, நின்றவர்கள் யாரும் உட்காராமல் பார்த்துக்கொண்டேன். யாரும் உட்காரவும் இல்லை.

பல்லவிக்குத் திரும்பி வந்து முடித்தாள். கண்ணைத் திறந்து, படியருகே நின்ற விருந்தினரைப் பார்த்துக் கும்பிட்டு, வாங்க அய்யா என்று மேடையைக் காட்டினாள். அரை மணிக்குக் கொஞ்சம் கூடவே ஆகியிருந்தது. பந்தல் முழுக்க நாற்காலிகள் ஒரே நேரத்தில் முனகின. யாரும் கைதட்டவில்லை. இறைவணக்கத்துக்குக் கைதட்டும் வழக்கம் கிடையாது. தொகுத்து வழங்கியவர் மைக்கைப் பிடித்து, இறைவணக்கம் பாடிய சகோதரிக்கு நன்றி, இனி விழா இனிதே தொடங்குகிறது என்றார்.

விருந்தினர் தமக்குக் கொடுத்த நேரத்தை நின்றே செலவழித்துவிட்டதால் நாலு வார்த்தை பேசிவிட்டுக் கிளம்பிவிட்டார். வாழ்த்துரைக்காரர்களுக்குக் கால் ஓய்ந்துபோய்ப் பேச்சில் ருசி விட்டுப்போய்விட்டது; பொன்னாடையை மட்டும் வாங்கிக்கொண்டு சோபாவில் சாய்ந்தார்கள். அதனால் சென்னைக்காரர்கள் நிம்மதியாகப் பாடி, நிம்மதியாக ரயிலைப் பிடித்தார்கள். விழா அமோக வெற்றி என்று தலைவர் வாட்ஸப்பில் போட்டார்.

ஆட்டோவில் வரும்போது அக்கா மடியில் ஓர் எவர்சில்வர் டம்ளர் இருந்தது. ஒருத்தராவது கைதட்டியிருக்கலாம் என்று நான் பொருமினேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். "எல்லாரும் நின்னாவளேட்டி" என்றாள்.

பொங்கல் கழிந்து ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. பேச்சு வந்துவிட்டது, ஆனால் கரகரப்பு போகவில்லை. பாடிப் பார்க்க அவளுக்குப் பயம். சுருதிப் பெட்டியை அலமாரியில் டம்ளர்களுக்குப் பின்னால் வைத்துவிட்டாள். நானும் எடுக்கச் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்துத் தலைவர் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளுமாகப் பார்க்க வந்தார். ஆபரேஷன் பற்றி அப்போதுதான் கேள்விப்பட்டிருக்கிறார். முன்னமே சொல்லியிருக்கக் கூடாதா என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். காப்பி குடித்த பிறகு கொஞ்சம் நெளிந்தார். அடுத்த விழாவில் கச்சேரி நிச்சயம், ஒரு மணி நேரம், யாருக்காகவும் குறைப்பதில்லை என்றார். ஒரே ஒரு கோரிக்கை, இறைவணக்கத்தை மட்டும் கமிட்டியில் ரெக்கார்டு போட்டுக்கொள்வதாகத் தீர்மானித்திருக்கிறார்கள் என்றார்.

அக்கா அந்தக் கரகரத்த குரலில் பைய கேட்டாள். "கச்சேரியையும் கடவுள் பாட்டோடதான ஆரம்பிக்கணும், அண்ணாச்சி. அப்ப எல்லாரும் எந்திச்சு நிக்கணும்லா?"

தலைவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். அவரை எனக்குப் பிடித்துப்போனது அந்த ஒரு நிமிஷம்தான்.

அவர் போன பிறகு அக்கா அலமாரியைத் திறந்து டம்ளர்களை ஒதுக்கினாள். சுருதிப் பெட்டியை எடுத்துத் துடைத்து, சுருதியை ஒரு கட்டை இறக்கி வைத்தாள். நான் சமையலறையில் காப்பிப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். அந்தப் பாட்டின் பல்லவியைத் தொடங்கினாள். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. உடைந்த இடத்தை மறுபடி எடுத்து, மெதுவாகப் பாடி முடித்தாள். பிறகு நிறுத்திவிட்டு, போதும் என்பதுபோல் பெட்டியை அணைக்கக் கை நீட்டினாள்.

"சரணத்தையும் பாடுக்கா" என்றேன்.